அன்றாடச் செயல்கள்: சொல் விளக்கம்

முதியவர் ஒருவர் பிறர் துணையின்றித் தம்மைப் பார்த்துக்கொள்கிறாரா என்பதை மதிப்பிடும்போது மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் 'ஏடிஎல்' என்று குறிப்பது, 'ஆக்டிவிட்டீஸ் ஆஃப் டெய்லி லிவிங்' என்னும் தொடரின் சுருக்கமாகும். தமிழில் இதனை அன்றாடச் செயல்பாடுகள், அன்றாடச் செயல்திறன் என்றும், இலங்கை வழக்கில் நாளாந்தச் செயற்பாடுகள் என்றும் எழுதுகின்றனர். இவற்றுள் 'செயல்திறன்' மட்டும் பொருந்தாது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலிருந்த பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் முதிய நோயாளிகளைக் கவனித்த சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோல், குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களைக் கொண்டது. ஒருவரால் என்ன இயலும் என்பதை அது கேட்பதில்லை. அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையே பதிவுசெய்கிறது. உடலில் வலு இருந்தும் குளிக்க மறுப்பவர், அந்த அளவுகோலின்படி, குளிக்காதவரே. 'திறன்' என்னும் சொல் இயலுமையைச் சுட்டுவதால் இவ்விடத்தில் பிழையாகிறது. 'செய்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'செயல்' போதுமானது. 'அன்றாடு' என்பதும் பழஞ்சொல்லே: சோழர் கல்வெட்டுகளில் வரும் 'அன்றாடு நற்காசு', அந்நாளில் புழக்கத்திலிருந்த நல்ல காசைக் குறிக்கிறது.

'இன்டிபென்டன்ஸ்' என்பதைச் 'சுதந்திரம்' என்று பெயர்ப்பது அரசியல் வாடையை ஏற்றிவிடும். மேற்பார்வையோ, சொல்லித்தருதலோ, கைகொடுத்தலோ இல்லாமல் செய்வதையே காட்ஸ் அச்சொல்லால் குறித்தார் என்பதால் 'பிறர் உதவியின்றி' என்று விரித்தெழுதுவதே தெளிவு. இந்த வரையறை தோன்றும் அளவுக்குக் கடுமையானதன்று. முதுகை மட்டும் தேய்த்துவிட ஆள் தேவைப்படுபவரும் தாமே குளிப்பவராகவே கணக்கிடப்படுகிறார். காலணியின் நாடாவைக் கட்டுவது உடுத்தலில் சேர்வதில்லை. எழுந்து மாறும்போது ஊன்றுகோலைப் பிடித்தாலும் குறையில்லை. உணவை ஆயத்தம் செய்வதும் இறைச்சியை நறுக்குவதும் உண்ணுதலில் அடங்காதவை என்பதால், பிறர் பிசைந்து தரும் சோற்றைத் தம் கையால் எடுத்து உண்ணும் பாட்டியையும் தாமே உண்பவர் என்றே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்க முதுமையியல் ஆய்வாளர்களான லாட்டனும் பிராடியும் 1969இல் வகுத்த 'இன்ஸ்ட்ருமென்டல் ஏடிஎல்' என்னும் மற்றொரு வகைக்குத் தரப்படும் 'கருவிசார் செயல்கள்' என்னும் பெயர்ப்பு இன்னும் பொருந்தாதது. தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்துகளை வேளை தவறாமல் உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என்னும் அவ்வெட்டும் கருவியைப் பற்றியவை அல்ல. ஒருவர் தனியாக ஒரு வீட்டில் வாழ்வதற்கு வழியானவை. ஆகவே 'தனிவாழ்வுச் செயல்கள்' என்று வழங்கலாம். தொடக்கத்தில் ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, துவைத்தல் மூன்றையும் விலக்கி ஐந்தையே மதிப்பிட்டனர். மனைவியை இழந்து தனித்திருக்கும் முதியவருக்கு அவை மூன்றும் இல்லாமல் ஒரு நாளும் நகராது என்பதால், பின்னாளில் எட்டையும் எல்லோரிடமும் கேட்கும் வழக்கம் வந்தது.