இரண்டு செம்பு, நான்கு பாலம்

செம்புப் பாத்திரத்தில் புளித்ததை வைக்காதே, களிம்பு ஏறும் என்பார்கள். புளிப்பில் இருக்கும் அமிலம் செம்பைக் கரைத்து உப்பாக்கிவிடுகிறது. அந்த அமிலம் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலமாக இருந்தால், கிடைக்கும் உப்பு காப்பர் அசெட்டேட். கரைசலை மூடாமல் சில நாள் விட்டால் அடியில் கரும்பச்சையும் நீலமும் கலந்த படிகங்கள் வளரும். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் நச்சு, வாயில் படக்கூடாது.

இந்தப் படிகத்துக்குள் செம்பு அயனிகள் தனித்தனியாக இல்லை, ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொரு அசெட்டேட்டுக்கும் இரண்டு ஆக்சிஜன் முனைகள் உண்டு. ஒன்று இந்தச் செம்பைப் பிடிக்கும், மற்றது அந்தச் செம்பைப் பிடிக்கும். இப்படி நான்கு அசெட்டேட்டுகள் நான்கு பக்கமும் பாலம் போட, நடு அச்சில் இரண்டு செம்பும் நிற்கின்றன. நான்கு துடுப்பு வைத்த சக்கரம் போன்ற வடிவம். அச்சின் இரு நுனியிலும் ஒவ்வொரு நீர் மூலக்கூறு.

இரண்டு செம்புக்கும் இடைவெளி சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). செம்புக் கம்பியில் அடுத்தடுத்த அணுக்களுக்கு நடுவே 2.56. அதாவது, கிட்டத்தட்ட உலோகத்தில் இருக்கும் நெருக்கம். அப்படியானால் இரண்டும் நேரடியாகப் பிணைந்திருக்கின்றனவா? அப்படிச் சொல்லும்படியான பிணைப்பு இல்லை. பாலங்கள்தான் அவற்றை அவ்வளவு பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது, இந்த ஜோடி பிடிபட்ட விதம். செம்பு அயனி ஒவ்வொன்றிலும் துணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று உண்டு. அது ஒரு குட்டிக் காந்தம். குளிர்வித்தால் காந்தத்தன்மை கூடவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பிளீனி, பவர்ஸ் என்ற இயற்பியலாளர்கள் இந்தப் படிகத்தைக் காந்தப்புலத்தில் வைத்து நுண்ணலை செலுத்திப் பார்த்தார்கள். குட்டிக் காந்தங்கள் நுண்ணலையை உறிஞ்சுவதால் கிடைக்கும் சமிக்ஞை, குளிரக் குளிர மங்கிக்கொண்டே போனது. தனி அயனி இப்படி நடந்துகொள்ளாது. இரண்டு காந்தங்கள் எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று ரத்து செய்கின்றன, ஆகவே செம்பு ஜோடியாகத்தான் இருக்கிறது என்று 1952-இல் முடிவு கட்டினார்கள். அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே! மறு ஆண்டு வான் நீகெர்க்கும் ஷோனிங்கும் எக்ஸ்-கதிர் கொண்டு கட்டமைப்பைக் கண்டார்கள். சொன்னபடியே ஜோடி இருந்தது.

காந்தங்கள் பேசிக்கொள்வதும் பாலம் வழியேதான். செம்பிலிருந்து ஆக்சிஜன், கார்பன், மறு ஆக்சிஜன், அப்புறம் அடுத்த செம்பு. அறை வெப்பத்தில் கணிசமான ஜோடிகள் இந்தக் கட்டிலிருந்து விடுபட்டு ஒரே திசையில் நிற்கும். அதனால்தான் அப்போது காந்தத்தன்மை தெரிகிறது.

சரி, அசெட்டேட்டுக்குப் பதில் மூன்று பக்கமும் பிடிக்கக்கூடிய மூலக்கூறு கிடைத்தால்? சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு முப்பரிமாண வலை ஆகிவிடும். 1999-இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென்சீன் வளையத்தில் மூன்று கார்பாக்சிலேட் (அசெட்டேட்டில் உள்ளது போன்ற இரு ஆக்சிஜன் பிடிமுனை) கொண்ட மூலக்கூறை வைத்து இதைச் செய்தார்கள். உள்ளே சுமார் 9 ஆங்ஸ்ட்ராம் அகலத்தில் துளைகள். சூடாக்கினால் சக்கர நுனிகளிலிருந்த நீர் வெளியேறி, வெளிர்நீலத் தூள் ஊதா கலந்த அடர்நீலமாகும். காலியான செம்பு முனைகள் வாயு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். ஈரக்காற்றில் திறந்து வைத்தால் நீர் திரும்ப வந்து அமர, தூள் மறுபடி வெளிர்நீலம் ஆகிறது.