கரு வளராவிட்டால் முட்டையை மட்டும் குறை சொல்லலாமா?

கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருவியலாளராகப் பணிபுரிகிறேன். கரு வளரவில்லை என்றதுமே எல்லோரும் மனைவியைத்தான் பார்க்கிறார்கள். 'முட்டை தரமில்லையோ?' என்பதே முதல் கேள்வி. விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருந்தால் கணவருக்கு இதில் பங்கில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

செல்லின் உட்கருவை ஒட்டி சென்ட்ரோசோம் என்றொரு நுண்ணுறுப்பு இருக்கிறது. 1888இல் அதற்குப் பெயரிட்டவர் ஜெர்மன் உயிரியலாளர் தியோடர் பொவேரி. செல் பிரியும் வேளையில் அது இரண்டாகி, எதிரெதிர் முனைகளில் நின்று நூல் போன்ற நுண்குழல்களை நீட்டும். அவை இழுப்பதால் குரோமோசோம்கள் சரிபாதியாகப் பங்கிடப்படும். அதன் மையத்தில் இருப்பவை சென்ட்ரியோல்கள். மனிதக் கருமுட்டையோ, முதிரும்போதே தன் சென்ட்ரியோல்களை இழந்துவிடுகிறது. அவற்றைத் தன் கழுத்துப் பகுதியில் சுமந்து வருவது விந்தணு. மரபணுக்களை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதல்ல தந்தையின் பங்கு.

விந்தணுவைச் செலுத்திய 16 முதல் 18 மணி நேரத்தில் முட்டையை நுண்ணோக்கியில் பார்ப்போம். தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று என இரண்டு உட்கருக்கள் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும். அவற்றை அருகே கொண்டுவருவது விந்தணுவின் சென்ட்ரோசோமிலிருந்து கதிர்போல் விரியும் நுண்குழல்கள். சில முட்டைகளில் இரண்டும் விலகியே கிடக்கும். மறுநாளும் பிரிவு தொடங்கியிருக்காது. முட்டையிலும் கோளாறு இருக்கலாம், மறுக்கவில்லை. சென்ட்ரியோலைச் சுற்றிச் சேர வேண்டிய புரதங்கள் முட்டையிலிருந்தே வருகின்றன. ஆனால் விந்தணுவை விட்டுவிட்டுத் தேடுவது பாதித் தேடல்தான்.

சென்ட்ரோசோம் அதிகமானாலும் ஆபத்து. ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் குரோமோசோம்கள் மூன்று, நான்கு பக்கம் இழுபடும். கடல் முள்ளெலி முட்டைகளில் இதைக் கண்ட பொவேரி, புற்றுநோயின் வேரும் இத்தகைய குளறுபடியில் இருக்கலாம் என்று 1914இல் எழுதினார். மூன்று உட்கருக்கள் தெரியும் கருவை நாங்கள் கருப்பையில் வைப்பதில்லை.

வழக்கமான விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சென்ட்ரோசோமுக்கென ஒரு வரிகூடக் கிடையாது. ஆராய்ச்சிக்கூடங்களில் மனித விந்தணுவைப் பசுவின் முட்டைக்குள் செலுத்தி, கதிர் விரிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். எலி முட்டை இதற்கு உதவாது. எலியின் விந்தணு சென்ட்ரியோலைக் கொண்டுவருவதில்லை; அந்த வேலையை அதன் முட்டையே பார்த்துக்கொள்கிறது.

சிகிச்சை தோற்றால் ஆய்வகக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை முட்டைகளில் இரண்டு உட்கருக்கள் தெரிந்தன, வளர்ச்சி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். மீண்டும் மீண்டும் அந்த இரண்டு உட்கருக் கட்டத்திலேயே நின்றால், விந்தணுவின் கழுத்தமைப்பைப் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும்போது இருவருமே போங்கள்.