தானணைவு: சிக்னலில் தானே அணையும் எஞ்சினுக்கு ஒரு சொல்

திருக்குறள் விரைவு வண்டியில் வந்த பெரியப்பாவை டெல்லி நிஜாமுதீன் நிலையத்திலிருந்து ஆர்.கே.புரத்துக்குக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். ஆஷ்ரம் சௌக் சிக்னலில் எஞ்சின் ஓசை சட்டென்று அடங்கியது. "என்னப்பா, வண்டி நின்னுபோச்சா?" என்று பதறினார். "ஸ்டார்ட்-ஸ்டாப்" என்று சொன்னது அவருக்கு எட்டவில்லை. "தானா அணைஞ்சிருக்கு பெரியப்பா, பிரேக்கை விட்டா மறுபடி கிளம்பிடும்" என்றதும் உடனே புரிந்துகொண்டார். ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கு உரிய தமிழ்ச்சொல் இந்த இரண்டாவது விடைக்குள் இருப்பதாக நான் நம்புகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கார் முழுதும் நின்று, ஓட்டுநரின் கால் பிரேக்கில் இருக்கும்போது, எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் கட்டுப்பாட்டுக் கருவி தானே துண்டிக்கிறது; பிரேக்கை விட்டவுடன் எஞ்சினை மீண்டும் இயக்குகிறது. கியரை நாமே மாற்றும் கார்களில், நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டால் அணையும், கிளட்சை மிதித்தால் எழும். நின்ற இடத்தில் எஞ்சின் வீணே சுற்றுவதைத் தவிர்ப்பதே நோக்கம். அப்படிச் சுற்றுவதை ஆங்கிலத்தில் 'ஐடில்' என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'வெறுமையான' என்பது பொருள் என்பதால், 'வெற்றோட்டம்' என்னும் தமிழ் வடிவம் அதன் வேரோடு அழகாகப் பொருந்துகிறது. டொயோட்டா நிறுவனம் 1970களிலேயே தன் கிரவுன் காரில் இந்த ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. இந்தியாவில் 2014இல் வந்த ஸ்பிளெண்டர் ஐஸ்மார்ட் பைக்கிலும், 2015இல் வந்த சியாஸ் எஸ்எச்விஎஸ் காரிலும் பலர் இதை முதன்முதலாகக் கண்டனர்.

எஞ்சின் ஓய்வதை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. ஆங்கில 'ஸ்டாப்' தொடக்கத்தில் ஓட்டையை அடைப்பதைக் குறித்தது. நார்த்துணுக்கால் அடைத்தல் என்னும் பொருளுடைய பிற்கால இலத்தீன் வினையோடு அதை இணைப்பர். 'ஸ்டார்ட்' என்பதற்குத் துள்ளி எழுதல் என்பது பழைய பொருள். வண்டியை அணைக்கச் சொல்ல இந்திக்காரர் 'காடி பந்த் கரோ' என்கிறார். கட்டு என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்த 'பந்த்', இந்தியில் மூடியிருத்தலையும் ஓய்ந்திருத்தலையும் குறிக்கிறது. 2020 அக்டோபரில் டெல்லி அரசு காற்று மாசைக் குறைக்க 'ரெட் லைட் ஆன், காடி ஆஃப்' என்று இயக்கம் நடத்தியபோது, வண்டி முழுவதுமே 'ஆஃப்' ஆயிற்று.

தமிழில் 'தானியங்கி நிறுத்தம்' என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. பேருந்து நிறுத்தம் என்றால் பேருந்து நிற்கும் இடம். வாகன நிறுத்தம் என்றால் வண்டிகளை விட்டுச்செல்லும் இடம். ஆகவே 'தானியங்கி நிறுத்தம்' என்பதைப் படிப்பவர், கார் தானே பிரேக் போடுவதாகவோ, தானே இடம் பார்த்து நின்றுகொள்வதாகவோதான் எண்ணுவார். 'நின்றுபோதல்' என்பதோ பழுதைக் குறிக்கும். பெரியப்பா பதறியது அதனால்தான்.

'அணை' என்னும் வினைக்கு இந்தக் குழப்பம் இல்லை. விளக்கை அணைக்கிறோம், அடுப்பை அணைக்கிறோம், வண்டியையும் அணைக்கிறோம். பெட்ரோலும் டீசலும் எரியும் எஞ்சினுக்குள் உண்மையிலேயே தீ இருக்கிறது. சிக்னலில் அந்தத் தீ மட்டும் அணைகிறது. முகப்பு விளக்கும், பாட்டும், காற்றை ஊதும் விசிறியும் பேட்டரியின் வலுவில் தொடர்கின்றன. தானே அணைவதால் 'தானணைவு' என்பது போதும். மீண்டும் எழுவதையும் பெயரில் சேர்த்தால் 'தானணைந்து மீளல்' ஆகும். கையேட்டுக்கு அது சரி, பேச்சுக்கு நீளம். வேதியியலில் 'அணைவுச் சேர்மம்' உண்டே என்று ஒருவர் கேட்கலாம். அது சேர்தலைக் குறிக்கும் அணைதல், வேறு பொருள். இடம் நோக்கினால் மயக்கம் வராது.

சிக்கல் வேறோரிடத்தில் வருகிறது. இந்த வசதியே வேண்டாம் என்று பொத்தானை அழுத்துவதை 'தானணைவை அணைத்தல்' என்று சொன்னால் நா தடுமாறும், பொருளும் தடுமாறும். டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் இது அன்றாடத் தேவை. பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் ஏசியின் கம்ப்ரஸரை எஞ்சினே சுழற்றுவதால், எஞ்சின் அணைந்ததும் குளிர் குறைந்து, விசிறி வெதுவெதுப்பான காற்றைத் தள்ளத் தொடங்கும். பல கார்கள் உட்புற வெப்பத்தை உணர்ந்து தாமே எஞ்சினை எழுப்பிவிடும் என்றாலும், கைக்குழந்தையோடு போகிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஆங்கில எழுத்து 'ஏ'யை வளைந்த அம்பு சூழ்ந்த பொத்தானை அவர் அழுத்துவார்; விளக்கு எரியும்; அந்தப் பயணத்தில் எஞ்சின் தானே அணையாது.

இச்செயலுக்கு 'முடக்குதல்' என்பது கடுமையான சொல், நிலையாகச் செயலிழக்கச் செய்வது போல ஒலிக்கிறது. பெரும்பாலான கார்களில் அடுத்த முறை சாவி போட்டு எஞ்சினைக் கிளப்பும்போது தானணைவு மீண்டும் செயலுக்கு வந்துவிடும். ஆகவே 'விலக்குதல்' என்பதே பொருந்தும். விலக்கு என்பது அந்தப் பயணத்துக்கு மட்டும் அளிப்பது. பொத்தானுக்கு 'தானணைவு விலக்கு' என்று பெயரிடலாம். "வெயில் ஏறிடுச்சு, தானணைவை விலக்கிடு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்த்தேன்; அவர் விளக்கம் கேட்காமல் பொத்தானைத் தேடினார்.