இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகும் பழைய ஆலயம்

ஜப்பானில் இசே நகரத்தில், அந்நாட்டின் மரபுச் சமயமான ஷிண்டோவுக்கு உள்ள ஆலயம் 1,300 வருஷங்களுக்கு மேல் பழையது. ஆனால் அங்கே இன்று நிற்கும் முதன்மைக் கட்டடம் 2013இல் எழுப்பியது. 690இல் தொடங்கி, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மனைகளில் மாறி மாறி அதையே புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை.

இருபது வருஷக் கணக்குக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். என் கண்ணில் முதலில் படுவது தூணின் காலடி. இசேயில் அடிக்கல் கிடையாது. ஹினோக்கி என்ற ஊசியிலை மரத்தின் தூணை நேரே மண்ணில் நடுகிறார்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் தங்காது. மண்மட்டத்தை ஒட்டிய இடத்தில்தான் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். தூண் மக்கத் தொடங்குவது அங்கேதான். அப்புறம், புல் வேய்ந்த கூரையும் மழையில் ஊறி ஊறித் தளர்ந்துபோகும்.

அதற்காக மரத்துக்கே ஆயுள் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. நாரா அருகே ஹோர்யூஜி மடத்தின் ஐந்தடுக்குக் கோபுரமும் ஹினோக்கிதான். அதன் நடுத்தூணுக்கான மரத்தை 594இல் வெட்டியிருக்கிறார்கள் என்று ஆண்டு வளையங்கள் சொல்கின்றன. சுற்றுத் தூண்கள் கல்லின்மேல் நிற்கின்றன. நடுத்தூணை மட்டும் மண்ணில் புதைத்திருந்தார்கள். புதைந்த பகுதி மக்கி, வெறும் குழியாகிவிட்டதை 1926இல்தான் பார்த்தார்கள். ஒரே மரம், ஒரே கோபுரம். ஈரம் தொட்ட இடம் மட்டும் போய்விட்டது.

சரி, இந்த இரண்டில் எது ஜப்பானின் உண்மையான பழமை? 1964இல் வெனிஸில் வகுத்த பாதுகாப்பு நெறிகள் பழைய பொருளுக்கே முதலிடம் தந்தன. அந்தக் கணக்கில் இசே வெறும் நகல். 1994இல் நாராவில் கூடிய வல்லுநர்கள், கட்டும் முறையும் மரபும்கூட உண்மைத்தன்மையின் சான்றுகளே என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பார்வைதான் சரி என்று நினைக்கிறேன். இசே காத்து வருவது தச்சரின் கையை. இருபது வயதில் எடுபிடியாக வந்தவர் நாற்பதில் தானே தூண் செதுக்குவார், அறுபதில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறு வருஷத்துக்கு மேல் இந்தச் சங்கிலி அறுந்தது. மீண்டும் கட்டியபோது சில நுணுக்கங்கள் மாறியும் போயின.

கை இருந்தால் போதாது, மரமும் வேண்டும். பல தலைமுறைகளாகக் கீசோ மலைக்காடுகளிலிருந்துதான் மரம் வருகிறது. ஆலயத்தின் சொந்தக் காட்டிலேயே தூணுக்கு மரம் வளர்க்க 1923இல் இருநூறு வருஷத் திட்டம் ஒன்று போட்டார்கள். அங்கே களைந்தெடுத்த இளமரங்கள் 2013 கட்டுமானத்துக்கே உதவின. பெரிய தூண்களாகப் போகும் மரங்கள் இன்னும் நின்று பருத்துக்கொண்டிருக்கின்றன.