‘ரேசியல் ஈக்விட்டி’: இனச் சமத்துவமா, இன ஒப்புரவா?

அமெரிக்க உளவியல் பேராசிரியர்களைப் பற்றிய குறிப்புகளில் ‘ரேசியல் ஈக்விட்டி’ என்னும் தொடர் இப்போது அடிக்கடி வருகிறது. இன்னார் இத்தனை ஆண்டுகள் உளவியல் கற்பித்தார், ரேசியல் ஈக்விட்டிக்காக உழைத்தார், தம் சமுதாயத்தை முன்னின்று நடத்தினார் என்று அவை செல்லும். தமிழில் எழுதும்போது இதை ‘இனச் சமத்துவம்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஈக்வாலிட்டி’ என்பதற்கும் அதே சொல்லைத்தான் வழங்குகிறோம். இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தப் பேராசிரியர்கள் எதற்காகப் பாடுபட்டார்கள் என்பதே மறைந்துபோகும் என்பதால், இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதற்பகுதியான ‘ரேஸ்’ என்பதற்கு ‘இனம்’ போதும். ‘சிற்றினம் சேராமை’ என்று வள்ளுவர் சொல்லும்போது இனம் என்பது உடன் பழகுவோரின் கூட்டத்தைக் குறித்தது. பிறப்பையும் தோல் நிறத்தையும் வைத்து மனிதரைப் பிரிக்கும் பொருள் அதற்குப் பிற்காலத்தில் ஏறியது. வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லை மாற்றத் தேவையில்லை.

சிக்கல் ‘ஈக்விட்டி’யில்தான். இலத்தீனில் ‘அய்க்வுஸ்’ என்றால் மேடுபள்ளமில்லாத, நியாயமான என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘அய்க்விதாஸ்’ பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஈக்வாலிட்டி’க்கும் ‘அய்க்வுஸ்’ என்பதே வேர். ஆயினும் ஒரு வேரில் கிளைத்த இரண்டும் வெவ்வேறு திசையில் வளர்ந்தன. சட்டம் பொதுவாகப் பேசுவதால் தனி நேர்வு ஒன்றில் பிழைபட்டுவிடக்கூடும் என்றும், அப்போது அதைத் திருத்துவதும் நீதியின் பாற்பட்டதே என்றும் அரிஸ்டாட்டில் எழுதினார். லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் ஈயத்தாலான அளவுகோலைக் கல்லின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து அளந்ததை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். இங்கிலாந்தில் பொதுச்சட்ட மன்றங்களில் தீர்வு கிடைக்காதவர்கள் மன்னரிடம் முறையிட, அம்முறையீடுகளை விசாரித்த சான்சலர் என்னும் அரசவை உயர் அதிகாரியின் நீதிமன்றம் வளர்த்தெடுத்த நீதிமுறைக்கு ‘ஈக்விட்டி’ என்றே பெயராயிற்று. பங்குச் சந்தையில் வழங்கும் ‘ஈக்விட்டி’க்கு நாம் பங்கு மூலதனம் என்கிறோம், அது இங்கே பொருந்தாது.

சமம் என்ற சொல் மட்டும் ஏன் போதாது என்பதை அமெரிக்க வரலாறு கசப்பாகக் காட்டுகிறது. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி ஒதுக்குவதை ஏற்றுக்கொண்டது. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று பின்னர் வழங்கிய கோட்பாட்டுக்கு அத்தீர்ப்பே அடித்தளம். பள்ளிக்கூடம் முதல் குடிநீர்க் குழாய் வரை பிரித்து வைத்த ஓர் ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேலாக ‘சமம்’ என்ற சொல்லின் நிழலிலேயே நின்றது.

அந்த நிழலைக் கலைத்தவர்களுள் மேமி ஃபிப்ஸ் கிளார்க், கென்னத் கிளார்க் என்னும் உளவியலாளர் இணையர் முதன்மையானவர்கள். இருவரும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான பிரான்சிஸ் சம்னர் அங்கே பேராசிரியராக இருந்தார். கறுப்பினக் குழந்தைக்குத் தன்னைப் பற்றிய உணர்வு எவ்வாறு உருவாகிறது என்பது மேமி 1939இல் முடித்த முதுநிலை ஆய்வின் பொருள். பின்னாளில் இருவரும் சேர்ந்து செய்த பொம்மைச் சோதனை அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததே. கென்னத்தின் பெயரே பரவலாகப் பேசப்பட்டுவிட்டதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதனை எளிமையானது. தோலும் முடியும் தவிர மற்றெல்லாம் ஒன்றாக இருந்த நான்கு பொம்மைகள்: இரண்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் ‘உனக்கு விளையாடப் பிடித்த பொம்மையைக் கொடு’, ‘நல்ல பொம்மையைக் கொடு’, ‘பார்க்க மோசமாக இருக்கும் பொம்மையைக் கொடு’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டனர். 67 விழுக்காட்டினர் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தனர். 59 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மையே மோசமானது என்றனர். ‘உன்னைப் போல் இருக்கும் பொம்மையைக் கொடு’ என்ற கேள்வி இறுதியில் வரும். சற்று முன் மோசமானது என்று தான் தள்ளிய பொம்மையைத் தானே எடுத்துக் கொடுக்க வேண்டிய அந்த இடத்தில் சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு வெளியேறினர்.

1951இல் தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில், பள்ளிகளை இனவாரியாகப் பிரிப்பதை எதிர்த்த வழக்குக்காகப் பதினாறு குழந்தைகளிடம் கென்னத் இதே பொம்மைகளைக் காட்டினார். பதினொருவர் பழுப்புப் பொம்மையை மோசமானது என்றனர். அந்த வழக்கும் சேர்ந்த பிரவுன் வழக்கில் 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகளைப் பிரித்து வைப்பதே சமமின்மை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பதினோராம் அடிக்குறிப்பில் கென்னத்தின் ஆய்வு முதலாவதாக இடம்பெற்றிருக்கிறது.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. நம் சொல்லுக்கு அதுவே மிக நெருக்கமானது. தெற்கே பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகளின் குழந்தைகளுள் 62 விழுக்காட்டினர் வெள்ளைப் பொம்மையை விரும்ப, வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினக் குழந்தைகளுள் 72 விழுக்காட்டினர் அதையே விரும்பினர். எதிர்த்தரப்பினர் இதை ஆய்வின் ஓட்டையாகக் காட்டினர். எனக்கு இது வேறொன்றைச் சொல்வதாகத் தோன்றுகிறது. ஒரே வகுப்பறையில் ஒரே மாதிரி நாற்காலி போட்டுவிட்டால் சட்டத்தின் பார்வையில் சமத்துவம் நிறைவேறிவிடும். ஆனால் அந்த நாற்காலிக்கு வந்து சேருமுன்பே தெருவும் கடையும் படக்கதையும் தன் நிறத்தை இகழக் கற்றுக்கொடுத்துவிட்ட ஒரு குழந்தைக்கு, இழந்ததை அறிந்து அதற்குத் தக்கதைச் செய்யும் கடமை அதற்குப் பிறகும் எஞ்சியிருக்கும். அந்த எஞ்சிய கடமைதான் ‘ஈக்விட்டி’.

கிளார்க் இணையர் அந்தக் கடமைக்குத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் குழந்தைகளுக்கு உளநலச் சேவை தரும்படி ஏற்கெனவே இருந்த நிறுவனங்களைக் கேட்டுப் பார்த்து, எவரும் முன்வராதபோது, 1946இல் மேமியின் தந்தை கொடுத்த 946 டாலர் கடனைக் கொண்டு ஓர் அடுக்ககத்தின் நிலவறையில் தாங்களே நார்த்சைடு மையத்தைத் தொடங்கினர். அறிவுத்திறன் குன்றியவர்கள் என்று பள்ளிகள் முத்திரை குத்தித் தனி வகுப்புக்குத் தள்ளிய குழந்தைகளை அங்கே மீண்டும் சோதித்தபோது, பலருக்கு அந்த முத்திரை பொருந்தவே இல்லை. வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கு அங்கேயே வாசிப்புப் பயிற்சியும் கொடுத்தனர். மேமி 1979 வரை அம்மையத்தை நடத்தினார். நியூயார்க் நகரக் கல்லூரியில் கற்பித்துவந்த கென்னத் 1966 முதல் இருபது ஆண்டுகள் மாநிலக் கல்வி ஆளுகைக் குழுவில் அமர்ந்தார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரும் அவரே. இனப் பாகுபாட்டை வளர்த்ததிலும் எதிர்க்கத் தவறியதிலும் தனக்கிருந்த பங்குக்காக அதே சங்கம் 2021 அக்டோபரில் பொது மன்னிப்புக் கோரியது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘சமத்துவம்’ ஈக்வாலிட்டிக்கு உரியது. அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘சமூக நீதி’ நல்ல சொல், வலிமையான சொல். ஆனால் தமிழ்நாட்டில் அது இடஒதுக்கீட்டோடும் அதன் நெடிய போராட்டத்தோடும் இணைந்த விரிந்த பொருளுடையது. அதை ‘சோஷியல் ஜஸ்டிஸ்’ என்பதற்கு வைத்துக்கொள்வதே முறை. ‘நடுவுநிலைமை’யைச் சிலர் முன்மொழியக்கூடும். ஒருபால் கோடாத துலாக்கோலைப் போன்றது அது என்பார் வள்ளுவர். தட்டுகளில் வைத்ததை மட்டுமே கோல் நிறுக்கும். வைக்க எதுவும் விடாமல் பறிக்கப்பட்டவரின் கணக்கு அதற்குத் தெரியாது.

‘ஒப்புரவு’ என்னும் சொல்லையே நான் கொள்வேன். ஒத்தல், ஒப்பு என்பவற்றோடு உறவுடைய இச்சொல்லில் சமம் என்ற கருத்து அடியில் இருக்கிறது; அதன் மேல் ‘தக்கது’ என்ற கருத்தும் நிற்கிறது. ‘ஒத்த தறிவான் உயிர்வாழ்வான்’ என்னும் குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வருவது. அதே அதிகாரத்தின் முதற்குறள் இதைக் கைம்மாறு வேண்டாத ‘கடப்பாடு’ என்கிறது. இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஈகைக்கு வள்ளுவர் அடுத்ததாகத் தனி அதிகாரமே வைத்திருப்பதால், ஒப்புரவைத் தருமம் என்று மயங்குவதற்கு இடமில்லை. கிளார்க் இணையரின் மையத்துக்கு வந்த குழந்தைகளும் தருமம் கேட்டு வந்தவர்கள் அல்லர். பரிமேலழகர் உரையில் இன்னொரு பொருத்தம் கிடைக்கிறது: ஒப்புரவு அறநூல்களில் விதித்துச் சொல்லப்படுவதன்றித் தாமே அறிந்து செய்யும் தன்மையது, ஆதலால்தான் ‘அறிதல்’ சேர்ந்தது என்பது அவர் விளக்கம். எழுதிய சட்டம் எட்டாத இடத்தில் தொடங்கிய ஈக்விட்டியின் பிறப்புக்கு இதைவிட நெருங்கிய தமிழ் விளக்கத்தை நான் காணவில்லை.

கிறித்தவ வழக்கில் ‘ஒப்புரவாகுதல்’ பிணக்கு நீங்கி ஒன்றுசேர்வதைக் குறிக்கிறது என்பதால் குழப்பம் நேருமோ என்ற ஐயம் எழலாம். அந்த வழக்கு பெரும்பாலும் வினையாகவோ அருட்சாதனத்தின் பெயராகவோ வருகிறது. ‘இன ஒப்புரவு’ என்று அடையோடு எழுதினால் இடமே பொருளைக் காட்டும். முதன்முறை எழுதும்போது ‘இழைக்கப்பட்ட பாகுபாட்டை அறிந்து தக்கதைச் செய்யும் இன ஒப்புரவு’ என்று ஒருமுறை விரித்துவிட்டால் போதும். எதிர்ச்சொல்லுக்கு ‘ஒப்புரவின்மை’, பெயரடைக்கு ‘ஒப்புரவான’. நார்த்சைடு மையத்தின் பணியை ‘ஹார்லெமில் இன ஒப்புரவுக்காக நடந்த சமுதாயப் பணி’ என்று எழுதலாம். 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றி எழுதும்போது ‘இனச் சமத்துவம்’ என்றே எழுத வேண்டும்.