டிஃபால்ட்: முன்னிருப்பா, இயல்புநிலையா?

பயனர் தாமாக எதையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் எடுத்துக்கொள்ளும் மதிப்பையோ, கோப்பையோ, செயலையோ கணினித் துறையில் ‘டிஃபால்ட்’ என்கிறோம். இதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் பரவலாகப் புழங்குகின்றன. விண்டோஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றின் தமிழ் இடைமுகங்களில் பெரும்பாலும் ‘இயல்புநிலை’ என்பதைக் காண்கிறோம். லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான ஜிநோம் முதலிய கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தில் ‘முன்னிருப்பு’ வேரூன்றியிருக்கிறது. இரண்டும் ஒரே பொருளைத் தருவன, எது பழக்கமோ அதை எழுதிக்கொள்ளலாம் என்று பலர் கருதுகின்றனர். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் கட்டற்ற மென்பொருள்களோடு வரும் அமைவுக் கோப்புகளை, அதாவது மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் கோப்புகளைப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தக் கோப்புகள் பழையனவாகும் விதத்தைச் சொல்ல ‘இயல்புநிலை’ என்ற சொல்லால் இயலாது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலம் இதைப் பழைய பிரெஞ்சிலிருந்து பெற்றது. அங்கே அதற்குக் குறை, தவறுகை என்று பொருள். அதன் வேர் லத்தீன் மொழியின் ‘ஃபாலெரே’. ஏமாற்றுதல், பொய்த்துப்போதல் என்பது அதன் பொருள். ‘ஃபால்ட்’, ‘ஃபெயில்’, ‘ஃபால்ஸ்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. சட்டத்தில், அழைப்பாணை பெற்ற ஒருவர் குறித்த நாளில் நீதிமன்றத்தில் முன்னிலையாகத் தவறுவதை இச்சொல் குறித்தது. பிறகு வாங்கிய கடனைக் கட்டத் தவறுவதையும் குறித்தது. நம் வங்கிகளில் இன்றும் ‘டிஃபால்ட்டர்’ என்றால் தவணை தவறியவர்தான். ஒன்று இல்லாமற்போன இடத்தில் வேறொன்று வந்து நிற்பது என்னும் கருத்து இந்த வழக்குகளிலிருந்தே கணினிக்கு வந்தது: பிரதிவாதி வராவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பு எழுதப்படுகிறது, பயனர் சொல்லாவிட்டால் அவர் சொல்லாமலே ஒரு மதிப்பு நிரப்பப்படுகிறது. ஆகவே இச்சொல்லின் உள்ளீடு ‘இன்மை’. நல்லது, பொருத்தமானது, இயற்கையானது என்ற பொருள்களில் எதுவும் அதில் ஒருபோதும் இருந்ததில்லை.

விடிஆர் என்று சுருக்கமாக வழங்கும் ‘வீடியோ டிஸ்க் ரெக்கார்டர்’ என்ற மென்பொருள் இதற்கு நல்ல சான்று. ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் ஷ்மிடிங்கர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பணி அது. லினக்ஸ் கணினியில் செயற்கைக்கோள் அல்லது தரைவழி (கோபுர) ஒளிபரப்பைப் பிடிக்கும் ட்யூனர் அட்டையைப் பொருத்தினால், அதை நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் பதிவுசெய்யவும் உதவும் பெட்டியாக மாற்றித் தருவது இந்த மென்பொருள். மூலநிரலுடன் சில அமைவுக் கோப்புகளும் வருகின்றன. ‘சேனல்ஸ்.கான்ஃப்’ சேனல்களின் பட்டியல்; ‘சோர்சஸ்.கான்ஃப்’ செயற்கைக்கோள் நிலைகளின் பட்டியல். வேறு சிலவும் உண்டு. நிறுவும்போது இவை அமைவுக் கோப்புறைக்கு நகலெடுக்கப்படுகின்றன. ஆனால் அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் நிறுவல் நிரல் அதைத் தொடுவதில்லை. இல்லாதபோது மட்டும் வைக்கப்படுவது என்ற சொல்லின் மூலப்பொருள் அந்த ஒரு நிபந்தனையில் அப்படியே உயிரோடு இருப்பதைக் காணலாம்.

சேனல் பட்டியலின் ஒரு வரியை அருகிலிருந்து பார்ப்போம். ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏஆர்டியின் முதன்மைச் சேனல் ‘தாஸ் எர்ஸ்ட’. அதன் உயர்தெளிவுப் பதிப்புக்கான வரியில் 11494 என்ற அதிர்வெண், கிடைமட்ட முனைவாக்கம், கிழக்கு 19.2 பாகையில் உள்ள ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்களைக் குறிக்கும் குறியீடு, 22000 என்ற குறியீட்டு வீதம், 10301 என்ற சேவை எண் ஆகியவை முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கின்றன. இவற்றில் ஒன்றுகூட மென்பொருள் எழுதியவர் தீர்மானித்ததன்று. ஒளிபரப்பாளரும் செயற்கைக்கோளை இயக்கும் நிறுவனமும் எடுத்த முடிவுகள் இவை. அவர்கள் முடிவை மாற்றினால், கோப்பில் ஓர் எழுத்தும் மாறாமலே அந்த வரி பொய்யாகிவிடும்.

அப்படித்தான் ஆனது. அதே சேனலின் சாதாரணத் தெளிவுப் பதிப்பு பல ஆண்டுகள் 11837 என்ற அதிர்வெண்ணில் 28106 என்ற சேவை எண்ணோடு கிடைத்து வந்தது. ஏஆர்டி தன் சாதாரணத் தெளிவுச் சேனல்களைச் செயற்கைக்கோளிலிருந்து 2025 ஜனவரி 7 அன்று நிறுத்தியது. அந்த வரி இன்னும் கிடக்கும் ஒரு பட்டியலை விடிஆர் படித்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. இலக்கணப்படி வரி சரியாகவே இருக்கிறது. சேனலின் பெயர் திரையில் தோன்றும், டைமரும் வைக்கலாம். பதிவு தொடங்கும் நேரம் வந்ததும் தரவு வரவில்லை என்பதைக் கண்டு, ட்யூனர் சிக்கிக்கொண்டதாக எண்ணும் விடிஆர், தன்னைத்தானே நிறுத்தி மறுபடி தொடங்க முனையும். அந்த அவசர வெளியேற்றத்தை அணைத்து வைக்க ஓர் அமைப்பு உண்டு என்றாலும், முன்னிருப்பாக அந்த வெளியேற்றம் இயக்கத்திலேயே இருக்கிறது. எனவே எவரோ எப்போதோ எழுதிய ஒரு வரி, அதே வேளையில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நல்ல பதிவையும் அறுத்துவிடக்கூடும்.

செயற்கைக்கோளில் இந்தச் சிக்கல் ஓரளவு தானே தீர்ந்துவிடுகிறது. செயற்கைக்கோளில் ஓர் அதிர்வெண்ணில் பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் கருவி டிரான்ஸ்பாண்டர். ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டரும் படத்தோடும் ஒலியோடும் சேர்த்து வலையமைப்புத் தகவல் அட்டவணை ஒன்றையும் அனுப்புகிறது. அதே வலையமைப்பின் மற்ற டிரான்ஸ்பாண்டர்களின் அதிர்வெண்கள் அதில் இருக்கும். பட்டியலில் உயிருள்ள வரி ஒன்று இருந்தால் போதும், அதைப் பிடித்து மற்றவற்றை அறிந்துகொள்ளலாம். புதிய டிரான்ஸ்பாண்டர்களைத் தானே சேர்க்கவும், இனி ஒளிபரப்பாகாத சேனலின் பெயரில் காலங்கடந்தது என்று குறிக்கவும் விடிஆருக்குத் தெரியும். ஆனால் அந்த முதல் வரி செத்துப்போயிருந்தால் இந்த ஏற்பாடுகளில் எதற்கும் தொடக்கப் புள்ளியே இல்லை.

தரைவழி ஒளிபரப்பில் நிலைமை கடினமானது. ஊருக்கு ஊர் அதிர்வெண் மாறுவதால், லினக்ஸ் தொலைக்காட்சி ஆர்வலர்கள் எந்த அதிர்வெண்களில் தேட வேண்டும் என்று சொல்லும் தேடல் அட்டவணைகளை ஊர்வாரியாகத் தொகுத்துப் பேணிவருகின்றனர். டிவிஹெட்எண்ட் என்ற மற்றொரு பதிவு மென்பொருள், பயனர் தம் நாட்டையும் ஊரையும் தேர்ந்தெடுக்கும்போது காட்டும் பட்டியல் அந்த அட்டவணைகளிலிருந்து வருவதுதான். பெர்லின் நகரின் கதையைப் பாருங்கள். உலகில் முதன்முதலாக அனலாக் தரைவழி ஒளிபரப்பை முற்றிலும் கைவிட்ட வட்டாரம் அது; நாள் 2003 ஆகஸ்ட் 4. அப்போது வந்த டிவிபி-டி என்ற எண்மத் தரைவழி ஒளிபரப்பு முறையை 2017 மார்ச் 29 அன்று டிவிபி-டி2 முறை இடம்பெயர்த்தது. பதினான்கு ஆண்டுகளுக்குள் அந்த ஊரின் தொலைக்காட்சி முறை இருமுறை மாறிவிட்டது. பழைய முறையை மட்டும் சொல்லும் அட்டவணையோடு பெர்லினில் தேடினால், அதிர்வெண் தற்செயலாகப் பொருந்தினாலும் ட்யூனர் ஒன்றையும் பிடிக்காது. தேடல் முடிந்து ‘சேனல்கள் இல்லை’ என்று வரும்போது பயனர் சந்தேகிப்பது ஆண்டெனாவையும் கம்பியையும்தான். அட்டவணையை யாரும் சந்தேகிப்பதில்லை.

இவ்வகை அட்டவணைகளைப் பேணுவோருக்கு உள்ள தனி இடர்ப்பாடு, தங்கள் மேசையில் இருந்தபடி எதையும் சோதித்துப் பார்க்க முடியாது என்பது. அந்தந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் வாழும் ஒருவர் சொன்னால்தான் உண்டு. சொல்பவர் ஊர் மாறிப் போனாலோ, இணையவழிக்கு மாறிவிட்டாலோ, அந்த ஊரின் கோப்பு அவர் கடைசியாகத் திருத்திய நாளிலேயே உறைந்துவிடுகிறது. இருந்தும் வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 694 முதல் 790 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைக் கைப்பேசிச் சேவைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் முடிவெடுத்து, அதற்கு 2020 ஜூன் 30ஐ நாளாகக் குறித்தது. ஜெர்மனியின் அட்டவணை ஒன்றில் 694க்கு மேல் ஓர் அதிர்வெண் எழுதியிருந்தால், அங்கே போய்ப் பார்க்காமலே அந்த வரியை நீக்கிவிடலாம். நீக்குவதற்குப் பலர் தயங்குகின்றனர். இருந்துவிட்டுப் போகட்டுமே என்கின்றனர். நான் நீக்கலையே ஆதரிப்பேன். வெற்றுக் கோப்பு பயனரை உடனே முழுத் தேடலுக்கு அனுப்பிவிடும். பொய்யான கோப்போ அவரை ஒரு மாலை முழுவதும் கூரைமேல் நிறுத்திவிடும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘இயல்பு’ என்பது ஒரு பொருளோடு உடன்பிறந்த தன்மை. நீரின் இயல்பு குளிர்ச்சி, தீயின் இயல்பு சூடு என்கிறோம். அது நாளடைவில் பழையதாவதில்லை. எவரும் வைத்ததும் இல்லை, மாற்றக்கூடியதும் இல்லை. ‘இயல்புநிலைக்குத் திரும்பியது’ என்று நாளிதழில் படித்தால், ஏதோ கோளாறு நீங்கி எல்லாம் சரியாகிவிட்டது என்றே கொள்கிறோம். மென்பொருளில் ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ என்ற பொத்தானை அழுத்துபவரும் அதே நம்பிக்கையோடுதான் அழுத்துகிறார். ஆனால் அவருக்குக் கிடைப்பது, எங்கோ ஓர் ஊரில் இருந்த ஒருவர் தம் கூரைமேலிருந்த தட்டுக்கு ஏற்ப என்றோ எழுதிவைத்த பட்டியலாக இருக்கலாம். விடிஆரின் சேனல் பட்டியலில் ஜெர்மன் சேனல்கள் நிற்பதற்குக் காரணம் அதை எழுதியவர் வாழும் இடமே. மேலும், ‘காலங்கடந்த இயல்புநிலை’ என்று எழுதினால் சொற்கள் ஒன்றோடொன்று முரணி நிற்கின்றன.

‘முன்னிருப்பு’ இந்த இரண்டு உண்மைகளையும் தாங்குகிறது. முன்னே இருப்பது, பயனர் வருவதற்கு முன்பே வைக்கப்பட்டு இருப்பது. வைத்தவர் ஒருவர் உண்டு, வைத்த நாள் ஒன்று உண்டு என்ற குறிப்பு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கணக்கேட்டில் தொடக்க இருப்பு அந்த நாளுக்கு மட்டுமே உண்மையாவதுபோல, முன்னிருப்பும் அது எழுதப்பட்ட நாளுக்கே உறுதி கூறும். ‘இருப்பு’ என்பது சரக்கையும் பணத்தையும் நினைவூட்டுகிறது, பேச்சில் ஒட்டவில்லை என்ற மறுப்பை நான் அறிவேன். பேச்சில் பெரும்பாலோர் ‘டிஃபால்ட்’ என்றே சொல்கிறோம், அதில் குற்றமும் இல்லை. எழுத்தில் ஒரு தமிழ்ச்சொல் வேண்டுமென்றால், பொருளைத் திரிக்காததைத் தேர்ந்தெடுப்பதே முறை.

இச்சொல்லை ஏற்றுக்கொண்டால் வேறு சில வேறுபாடுகளையும் தெளிவாக எழுதலாம். நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பது முன்னிருப்பு மதிப்பு. தொகுப்போடு வந்து, கேட்காமலே பயனுக்கு வருவது முன்னிருப்புக் கோப்பு. பயனர் பார்த்து நகலெடுத்துத் திருத்திக்கொள்வதற்காக வைக்கப்படுவது மாதிரிக் கோப்பு. முதல் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கக்கூடும். விடிஆரின் பொது அமைப்புகளுக்கான முன்னிருப்பு மதிப்புகள் நிரலில் இருக்கின்றன. ஆனால் பயனர் ஏதேனும் ஒன்றை மாற்றிச் சேமித்தால், ‘செட்டப்.கான்ஃப்’ கோப்பில் அந்த ஒன்றோடு மற்ற எல்லா மதிப்புகளும் எழுதப்பட்டுவிடுகின்றன. அன்றைய முன்னிருப்புகள் அவருடைய சொந்தத் தேர்வுகளைப்போல அங்கே நிலைத்துவிடுகின்றன. பிந்தைய பதிப்பில் நிரலாளர் ஒரு முன்னிருப்பு மதிப்பை எவ்வளவு எண்ணிப் பார்த்துத் திருத்தினாலும் அது அவரைச் சென்றடையாது. இதற்கு எதிர்ப்பக்கமான இடர் போர்ட் எண்ணில், அதாவது பிற நிரல்கள் ஒரு நிரலைத் தொடர்புகொள்ளும் வாயிலின் எண்ணில், நேர்ந்தது. வெளியிலிருந்து விடிஆருக்குக் கட்டளையிடப் பயன்படும் போர்ட் முன்பு 2001, 1.7 வரிசைப் பதிப்புகளின்போது அது 6419 ஆயிற்று. பழைய எண்ணை நம்பி எழுதப்பட்ட துணை நிரல்கள், புதிய பதிப்பில் யாரும் கேட்டுக்கொண்டிராத போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தன.

உடன்வரும் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ‘கான்ஃபிகரேஷன்’ என்பதற்கு உள்ளமைவு, அமைவடிவம், கட்டமைப்பு எனப் பல சொற்கள் உள்ளன. கட்டமைப்பு என்பது சாலை, பாலம் முதலியவற்றுக்கும் வழங்குவதால் தவிர்க்கலாம். ‘அமைவு’ என்ற சிறு சொல்லே போதும். பழையதாகிப்போனதைக் குறிக்கக் ‘காலாவதி’ என்று எழுதுகிறோம். அது காலம், அவதி என்ற வடசொற்களின் கூட்டு. அவதி என்றால் எல்லை. மருந்துக்கும் உரிமத்துக்கும் முன்கூட்டியே குறித்த நாள் இருப்பதால் அவற்றுக்கு அது பொருந்தும். அமைவுக் கோப்புக்கு அப்படி நாள் குறிக்கப்படுவதில்லை. உலகம் மாற, கோப்பு பின்தங்கிவிடுகிறது. ஆகவே ‘காலங்கடந்த முன்னிருப்பு அமைவுக் கோப்பு’ என்பதே துல்லியம். இத்தகைய கோப்பின் தலைப்பகுதியில் கடைசியாகச் சரிபார்த்த நாளை ஒரு குறிப்பு வரியாக எழுதிவைக்கும் வழக்கம் எல்லாத் திட்டங்களிலும் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

வாக்கியத்தில் ஆளும்போது ‘முன்னிருப்பாக’, ‘முன்னிருப்பு மதிப்பு’, ‘முன்னிருப்புக்கு மீட்டமை’ என்று இயல்பாக வரும். டெபியன் இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளர், பயனர் திருத்திய ஓர் அமைவுக் கோப்பைப் புதிய தொகுப்பும் மாற்றியிருந்தால், புதியதை நிறுவவா பழையதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். எதையும் சொல்லாமல் என்டர் விசையை அழுத்தினால் பழையது நிற்கும். அந்த வினாவின் கடைசி வரியைத் தமிழில் ‘இயல்புநிலை: இப்போதுள்ள கோப்பை வைத்திருத்தல்’ என்று பெயர்த்தால், அதுவே சரியான விடை என்று பயனர் எண்ணிக்கொள்வார். ‘முன்னிருப்பு: இப்போதுள்ள கோப்பை வைத்திருத்தல்’ என்று பெயர்த்தால், தாம் எதையும் சொல்லாவிட்டால் நடக்கப்போவது இது என்று அறிந்து, வேறுபாடுகளைக் காட்டச் சொல்லும் விசையை அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்.