லே போகும் முன் படுத்துக்கொண்டு ஊதிப் பாருங்கள்

தசைச்சிதைவு நோய் உள்ளவர் லடாக் போகிறேன் என்றால், வீட்டில் எல்லோரும் அவர் காலைத்தான் பார்க்கிறார்கள். படி ஏற முடியுமா, யார் தூக்குவது? பிசியோதெரபிஸ்டான நான் முதலில் பார்ப்பது மூச்சை.

34 வயதுத் தம்பி ஒருவர் வந்தார். இடுப்பு, தோள் தசைகள் மெல்ல மெல்லத் தளரும் வகை. வீட்டுக்குள் தடி, வெளியே சக்கர நாற்காலி. "இன்னும் ரெண்டு வருஷம் போனா காரிலிருந்து இறங்கக்கூட முடியாது சார், இப்பவே போயிடணும்." முன்பு பார்த்த மருத்துவர் ஒருவர் 'உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்' என்று முடித்துவிட்டாராம். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

உட்காரவைத்து, ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னேன்: 2.6 லிட்டர். சரி, பரவாயில்லை. அப்புறம் படுக்கவைத்து ஊதச் சொன்னேன்: 1.8. படுத்ததும் கால் பங்குக்கு மேல் குறைந்தால் மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் தளர்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அவர் மனைவியைக் கேட்டேன். "மூணு தலையணை வெச்சாத்தான் தூக்கம் வரும். காலையில தலைவலிம்பார்." இரவில் கரியமில வாயு உள்ளேயே தங்குவதன் அடையாளங்கள் இவை.

லடாக்கின் முக்கிய ஊரான லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைப்பது, கடலோரத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,300 மீட்டரைத் தாண்டிய கார்துங் லா கணவாயில் பாதி. நல்ல உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டிவிடும். வாங்க வேண்டிய தசையே தளர்ந்திருந்தால்? மலை உயரம் ஒத்துக்கொள்ளப் போடும் டயமாக்ஸ் மாத்திரையும் மூச்சைத் தூண்டித்தான் வேலை செய்கிறது. நண்பர் சொன்னார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பாவை நம்புவது இன்னும் மோசம். ஆக்சிஜனை மட்டும் அளக்கும் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கரியமில வாயு ஏறி, ஆள் மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்.

நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினேன். தூக்கப் பரிசோதனை நடந்தது. இந்த நோயில் சில வகைகள் இதயத்தையும் தொடும் என்பதால் எக்கோவும் எடுத்தார்கள். இரவுக்கு, முகமூடி வழியாக மூச்சுக்குக் கைகொடுக்கும் பைபேப் கருவி வந்தது, கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரியும். பயணம் ஆறு மாதம் தள்ளிப்போனது. விமானத்தில் நேராக லேயில் இறங்கும் திட்டத்தை விட்டு, ஸ்ரீநகரிலிருந்து காரில், கார்கிலில் இரண்டு இரவு தங்கிப் போனார்கள். கார்துங் லா, பாங்காங் ஏரி இரண்டையும் மருத்துவர் அடித்துவிட்டார். தம்பி என்னிடம் வந்து சண்டை போட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் சொல்ல மறந்தது ஒன்று உண்டு: படி இறங்குவது. திக்சே மடாலயத்தில் ஏறும்போது தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இறங்குவதுதானே என்று அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு சில படிகள் இறங்கிவிட்டார். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. சிதைகிற தசைக்கு ஏறுவதைவிட அதுதான் கெடுதல். மூன்று நாள் வலி. தசை உடைந்து சிறுநீர் கறுங்காபி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று போனில் சொன்னேன். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகவில்லை.

இந்த வருஷம் இமாச்சலத்தின் உயரமான ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போக வேண்டுமாம். போன வருஷ ரிப்போர்ட்டை நீட்டினார். அதை மடித்து அவர் பையிலேயே வைத்துவிட்டு, "படுங்க தம்பி" என்றேன்.